அத்தை வேகமாக்காத இடம்

அப்பா ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். கோடை விடுமுறையில் நானும் முன் சீட்டில் தொற்றிக்கொள்வேன். கல் ஏற்றிய லாரிகள் எடைமேடையில் ஏறி, எடைச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் ஆலைக்குள் போகவேண்டும். அந்த எடைமேடைக் கம்ப்யூட்டரில் ஓடிய புரோகிராமை எழுதியவர் என் அத்தை, அப்பாவின் தங்கை. பெரம்பலூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அவர் எழுதிக்கொடுத்த முதல் புரோகிராம். வீட்டில் அதற்குக் கிடா வெட்டாததுதான் குறை.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. மாதங்கள் போகப்போக ஒரே அசமந்தம். லாரி வரிசை டீக்கடையைத் தாண்டி நின்றது. எழுதின புண்ணியவான் யாரென்று தெரியாமலே டிரைவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அப்பா டீ கிளாஸுக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வார். கடைசியில் எடைமேடைக்காரர் அப்பாவிடம் சொல்லிவிட்டார்: "இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணலன்னா வேற புரோகிராம் போட்டுருவேன். உங்க தங்கச்சிகிட்ட சொல்லிருங்க."

அத்தை மறுநாளே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நான்.

"என் மடத்தனத்தப் பாருடி" என்று தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு லாரிக் கணக்க எழுத, பழைய லாரிக் கணக்கு அத்தனையும் டிஸ்க்லேர்ந்து படிச்சு, மறுபடி அத்தனையும் எழுதுது. மூட்டையில ஒரு படி அரிசி போட, மூட்டையவே கொட்டி அள்ளுற மாதிரி."

பழையதை இனித் தொடாமல், புது லாரியை மட்டும் கடைசியில் சேர்க்கும்படி மாற்றினார். அடேயப்பா! சாயங்காலத்துக்குள் வரிசை கரைந்துவிட்டது.

ஆனாலும் சீட்டு வருவதற்கு முன் கம்ப்யூட்டர் ஒரு மூச்சு நேரம் சும்மா நின்றது.

"இதையும் வேகமாக்குங்க அத்தே."

"ஆக்கலாம். அது நிக்கட்டும்டி. டிஸ்க்ல எழுதியாச்சுன்னு தெரிஞ்சப்புறம் சீட்டு வந்தாப் போதும்."

அத்தைக்கு அதை வேகமாக்கத் தெரியவில்லை, சமாளிக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

சில நாள் கழித்து, எங்கள் லாரி மேடையில் நிற்கிறது. சீட்டு அப்பா கைக்கு வந்ததுதான் தாமதம், மழைக்காற்றில் கரண்ட் பட்டென்று போயிற்று. ஆபீஸ் பேட்டரியும் காலை வாரிவிட்டது. அப்பாவுக்கு முகமே செத்துவிட்டது. முன்பு வேறொரு மேடையில் இப்படித்தான் ஆனது. கையில் சீட்டு இருந்தும், கம்ப்யூட்டரில் லோடு பதிவாகவில்லை என்று ஆலை வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். அந்த நடைக்குக் கூலியே வரவில்லை.

கரண்ட் வந்தது. அப்பா ஆபீஸுக்குள் ஓடினார், பின்னாலேயே நானும். திரையில் கடைசி வரியில் எங்கள் லாரி நம்பர் இருந்தது.

அப்பா வெளியே வந்து, வரிசையில் நின்ற அத்தனை டிரைவர்களும் கேட்கும்படி, "என் தங்கச்சி எழுதுனதுங்க இது!" என்று கத்தினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. "வேகத்தப் பாத்தீங்கல்ல!" என்று நானும் சேர்ந்து கத்தினேன்.

லோடு டிஸ்கில் ஏறி முடியும்வரை நிற்கட்டும் என்று அத்தை விட்டுவைத்த அந்த ஒரு மூச்சு நேரத்துக்காகத்தான் அப்பா அப்படிக் கத்தினார் என்பது, நானே புரோகிராம் எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.