காலி நாற்காலியில் பச்சைக் கட்டம்

என் அக்காவுக்கு வகுப்பில் 'ஓரத்து டீச்சர்' என்று பட்டப்பெயர். புகைப்படப் பயிற்சி நிலையத்தில் பதினாறு வருடமாக அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான். "ஆளை நடுவுல வைக்காதீங்க, ஓரத்துல வைங்க. நடுவுல இடம் விட்டாத்தான் படம் மூச்சு விடும்." மாணவர்கள் அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குத்தான் இரண்டு வருடமாகச் சிரிப்பு வருவதில்லை. இரண்டு வருடமாக அவளுக்கு நடுவில் எதுவுமே தெரிவதில்லை.

கண்ணின் நடுப்பார்வை மெல்ல மங்கி, கடைசியில் சுத்தமாகப் போய்விட்டது. ஓரங்கள் தெரியும். கதவு நிலை தெரியும், மேசை விளிம்பு தெரியும். நேராகப் பார்த்தால் அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கறைதான். என்னோடு பேசும்போது என் காதுக்கு அப்பால் எங்கோ பார்ப்பாள். அப்படித்தான் என்னைக் கொஞ்சமாவது பிடிக்க முடியும்.

அதே நிலையத்தில் கேமராக்களைக் கொடுத்து வாங்கி வைக்கும் பொறுப்பு எனக்கு. ஆகவே அவள் வகுப்பில் கதவோரம் நிற்க ஒரு சாக்கு எப்போதும் உண்டு. மாணவர் படத்தைக் காட்டும்போது, மங்கலாக இருந்தால் ஒரு தடவை இருமுவேன். தெளிவாக இருந்தால் சும்மா இருப்பேன். ஒரு மாணவர் பரிதாபப்பட்டு எனக்கு இருமல் மருந்துகூட வாங்கிவந்து கொடுத்தார். குடித்துத் தொலைத்தேன். விஷயம் பிரின்சிபாலுக்குத் தெரிந்தால் மறுநாளே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று அந்த வகுப்பையே கட்டிக்கொண்டு கிடந்தவள். அதுவும் போனால் என்ன ஆவாள்?

அன்று ஜன்னல் வெளிச்சத்தில் முகம் எடுக்கும் பாடம். மத்தியானம் மூன்று மணி. விளக்கெல்லாம் அணைத்தாயிற்று. வடக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி. மாதிரியாக உட்கார வேண்டியவள் மாணவிகளில் ஒருத்தி, ஆஸ்பத்திரி நர்ஸ். போன் வந்ததும் ஓசைப்படாமல் வெளியே போய்விட்டாள். அக்கா அதைக் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பாள்?

"இப்ப பாருங்க, வெளிச்சம் ஒரு கன்னத்துல விழுது, இன்னொரு கன்னம் நிழல்ல நிக்குது," என்று காலி நாற்காலியைக் காட்டிச் சொன்னாள். "தாடையைக் கொஞ்சம் இறக்கும்மா. ஆங், போதும். ஏன் தலையெல்லாம் இப்படி ஈரமா இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நர்ஸ் தலை எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. ஈரமெல்லாம் இல்லை. அக்கா அந்த நாற்காலியை ஓரக்கண்ணால் பார்க்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் அவள் எதையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

மற்ற பத்துப் பேரும் இது ஏதோ புது மாதிரிப் பயிற்சி, ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு எடுக்க வேண்டும்போல என்று கேமராவைத் தூக்கினார்கள். நான் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து சமாளித்துவிடலாம் என்று ஓரடி வைத்தேன். அதற்குள் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், "இதென்னங்க, கட்டம் வருது?" என்றார்.

எங்கள் கேமராக்கள் முகத்தைக் கண்டால் தாமாகவே அதைச் சுற்றி ஒரு சின்னக் கட்டம் போடும். ஃபோகஸ் கிடைத்ததும் கட்டம் பச்சையாகிவிடும்.

"எனக்கும் வருது."

"எனக்கும்தான். பச்சை ஆயிடுச்சு."

"பச்சை ஆயிடுச்சுன்னா எடுங்களேன்," என்றாள் அக்கா. "கண்ணுல ஃபோகஸ் வைங்க. கண்ணு சரியா இருந்தா மிச்சம் எப்படிப் போனாலும் பரவாயில்ல."

பத்து கேமராவும் கிளிக் கிளிக்கென்றன. எடுத்தவர்கள் கேமராத் திரையையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். போன் பேசி முடித்து வந்த நர்ஸ், வாசலிலேயே நின்று, "ஏன் எல்லாரும் இப்படி நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

அந்த வாரமே அக்காவைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் சிரித்துவிட்டார். "நடுப்பார்வை போனவங்களுக்கு இது சகஜம். காலியா இருக்கிற இடத்துல மூளை தானா ஒரு முகத்தை வரைஞ்சு ஒட்டிடும். பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல, பயப்படாதீங்க." எனக்கு உயிரே வந்தது. மூளை வரையும், சரி. கேமராவுக்கு ஏது மூளை என்று வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றியது.

பத்துப் படங்களையும் அச்செடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றிலும் ஆள் இல்லை. ஆனால் நாற்காலியின் முதுகு மங்கல், முன் விளிம்பு மங்கல், ஜன்னல் மங்கல். லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்து வைத்து ஒருவர் கண்ணைக் குறி பார்த்தால் அப்படித்தான் வரும், காதுகூட மங்கிவிடும். வாத்தியார் எடுத்த படத்தில் காற்றில் மிதந்த தூசி விழுந்திருந்தது. முகம் இருக்கவேண்டிய உயரத்தில் மட்டும் அந்தத் தூசி ஊசி முனையாகத் தெளிந்திருந்தது. நான் படங்களைக் கவிழ்த்து வைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று குளிக்கும்போது கதவைச் சாத்தவில்லை.

அக்கா பத்துக்கும் முழு மதிப்பெண் போட்டு ஆபீசுக்கு அனுப்பியிருந்தாள். பிரின்சிபால் கூப்பிட்டுவிட்டார்.

போகும் வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். "மங்கல்னு சொல்லிடு. மார்க் மாத்திப் போட்டுட்டேன், தப்பா போச்சுன்னு சொல்லு. நான் இருமறேன், நீ பிடிச்சுக்கோ." அவள் சரியென்று தலையாட்டினாள்.

பிரின்சிபால் படங்களை மேசையில் பரப்பினார். "டீச்சர், ஒரே ஒரு கேள்வி. இதுல எது ஃபோகஸ்ல இருக்கு?"

இருமினேன். அக்கா ஒரு படத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். இன்னொரு தடவை இருமினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"எல்லாமே," என்றாள். "கண் இமை முடிகூட எண்ணலாம், சார்."

அவர் படங்களை ஒதுக்கி வைத்தார். பிறகு ஒரு விரலை அவள் முகத்துக்கு நேராக நீட்டி, மெதுவாக ஆட்டினார். அவள் கண் அசையவில்லை. "உடம்பைப் பாத்துக்கோங்க, டீச்சர்," என்றார், குரலைத் தாழ்த்தி. அவ்வளவுதான். பதினாறு வருடம் அதோடு முடிந்தது.

படிக்கட்டில் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு என்ன கேடு? ஒரே ஒரு வார்த்தை, மங்கல்னு சொல்ல வாய் வரலையா?"

அக்கா கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றாள். "உன் முகம் எனக்கு எப்பவோ போச்சுடி. என் முகம் கண்ணாடியில இல்ல. வகுப்புல பதினோரு பேரும் வெறும் குரல்தான். இனிமே எனக்குத் தெளிவா தெரியப்போற மனுஷ முகம் அந்த ஈரத்தலைப் பொண்ணோடது ஒண்ணுதான். அதையும் இல்லன்னு சொல்லச் சொல்றியே, எப்படிச் சொல்லுவேன்?"

நான் அழுதேன். அவள் என் காதுக்கு அப்பால் பார்த்தபடி என் தலையைத் தடவினாள். "மேல என் பை இருக்கு, எடுத்துட்டு வா," என்றாள்.

வகுப்பறையில் யாரும் இல்லை. மணி மூன்று இருக்கும். வெளிச்சம் அன்றைக்குப் போலவே ஒரு பக்கமாக விழுந்துகொண்டிருந்தது. பை அந்த ஜன்னலோர நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தது. எடுக்க வேண்டுமென்றால் கையை நாற்காலிக்குக் குறுக்கே நீட்ட வேண்டும்.

"கொஞ்சம் நகருங்க," என்றேன். எழுந்து நகர ஒருவருக்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டேன்.