குளத்தில் குழி தோண்டியது யார்?

1. பலகையும் குழியும்

மீன்வளத் துறையில் ஃபீல்டுமேனாக நான் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். டெம்பரரி போஸ்ட். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையோரம் ஒரு சின்னப் பண்ணைக் குளம். அதில் வெளிநாட்டிலிருந்து வந்த புது மீனை விட்டிருந்தார்கள். இன்று மார்க்கெட்டில் ஜிலேபிக் கெண்டை என்று விற்கிறார்களே, அதுதான். அது குஞ்சு பொரித்தால் மற்ற குளங்களுக்கும் கொடுப்பதாகத் திட்டம்.

எங்கள் இன்ஸ்பெக்டர் வரதன் சார் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண் இல்லாமல் வரமாட்டார். மீனை வாயில் வைத்ததே இல்லை. ஆனால் மீனைப் பற்றி வரும் சர்க்குலர் ஒன்றையும் படிக்காமல் விடமாட்டார்.

முதல் நாள் குளத்தில் முழங்காலளவு தண்ணீர். கரையோரம், தண்ணீருக்கு அடியில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்ட வட்டமாகக் குழிகள் தெரிந்தன.

"யாரோ களிமண் தோண்டிண்டு போயிருக்கா. எல்லாத்தையும் மட்டம் பண்ணிடுய்யா," என்றார் சார்.

பலகையால் இழுத்துச் சமன் செய்தேன். மறுநாள் காலையில் அத்தனை குழியும் திரும்ப இருந்தது. மறுபடி மட்டம் செய்தேன். மறுபடி குழி.

மூன்றாம் நாள் பலகையைத் தொடாமல் கரையில் குந்தினேன். கறுத்த ஆண் மீன் ஒன்று தலைகீழாக நின்று, வாய் நிறைய மண்ணை அள்ளி, சற்றுத் தள்ளிப் போய்த் துப்பியது. திரும்பி வந்து மறுபடி அள்ளியது. பக்கத்துக் குழிக்காரன் எல்லை தாண்டியபோது விரட்டிக்கொண்டு ஓடியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆபீசுக்குப் பறந்தேன்.

2. வீங்கிய தொண்டை

நான் சொன்னதைக் கேட்டு சாருக்கு முகம் வெளுத்தது. "அந்தக் குழியிலதான் அது முட்டையிடுமாம், சர்க்குலர்ல இருக்கு. எல்லாத்தையும் மண்ணைப் போட்டு மூடிட்டோமேய்யா! திங்கக்கிழமை மெட்ராஸ் ஆபீசர் வரார். குஞ்சு இல்லேன்னா பண்ணையையே மூடிடுவா."

பண்ணை போனால் என் வேலையும் போகும். ஆனால் அதைவிட, அந்த ஆண் மீன் பட்ட பாடுதான் என்னை உறுத்தியது. புதுக் குழிகளைக் கையால் துழாவினேன். ஒரு முட்டைகூட இல்லை.

சனிக்கிழமை, பாலக்கரையிலிருந்து வலைக்காரர் காதர் பாயை வரவழைத்தோம். அவர் பிடித்துக் கொடுத்த ஒரு பெண் மீனுக்குத் தொண்டை புடைத்திருந்தது.

"நோய் வந்துடுச்சு போலருக்கு பாய்," என்றேன்.

"நோயாவது? நல்லாத் துள்ளுதே! தண்ணியில விடுங்க, பாப்போம்."

பேசினில் விட்டதும் மீன் வாயைத் திறந்தது. கடுகு போல ஏதோ சிதறியது. கடுகுக்கு வால் இருந்தது! நூறுக்கு மேல் குஞ்சுகள்.

"யா அல்லா! வாய்க்குள்ளயா வச்சிருந்துச்சு?" என்று பாய் வலையைக் கீழே போட்டார். முட்டையிட்ட கையோடு தாய் வாயில் அள்ளிக்கொள்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நாங்கள் மூடியது வெறும் குழிகளைத்தான்.

சார் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசின் அருகே மண்டியிட்டார். "யாரும் அசையாதீங்கோ." நாங்கள் மூச்சை அடக்கி நின்றோம். சற்று நேரத்தில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தாயின் வாய்க்குள் திரும்பிப் போயின. "ரங்கா! ரங்கா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவர் ஒரு மீனை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதானாம்.

3. திங்கட்கிழமை

மெட்ராஸ் ஆபீசர் குஞ்சுகளைப் பார்த்துவிட்டுக் கரையில் நின்று, "குழியெல்லாம் நல்லா மெயின்டெய்ன் பண்ணியிருக்கீங்க," என்று பாராட்டினார். சார் என்னைப் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் இருவரும் வெடித்துச் சிரித்திருப்போம். பண்ணை தப்பியது. ஆறு மாதத்தில் என் போஸ்ட் பெர்மனென்ட் ஆனது.

அதற்குப் பிறகு எத்தனையோ பண்ணைகளுக்கு மாற்றலாகிப் போனேன். எந்தக் குளத்துக்குப் போனாலும் முதல் நாள் தண்ணீரில் கை வைக்கமாட்டேன். இங்கே ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருப்பவர் யார், என்ன செய்கிறார் என்று கரையில் உட்கார்ந்து பார்ப்பேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, ஒரு நாள் அப்படி உட்காருங்கள். சோம்பேறி என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.