பிரிக்காமல் வந்த ஷார்ஜா பெட்டி

நேற்று கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்தபோது பழுப்பு டேப்பின் வாசனை அடித்தது. உங்களுக்கு அது வெறும் பசை வாசனையாக இருக்கலாம். எனக்கு அது ஜமால் பாய்.

மயிலாடுதுறையில் ஒரு பிரவுசிங் சென்டரின் பின்னறையில் நானும் இரண்டு நண்பர்களும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்த காலம். இலவசம்தான். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தி எங்களுக்கு அனுப்பலாம் என்று இணையத்தில் பெருமையாகப் போட்டிருந்தோம். எப்படி அனுப்புவது என்று மட்டும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு மண்டபத்தின் பெயரைச் சொல்லாமல் விட்ட மாதிரி.

ஜமால் பாய் பக்கத்து ஊர்க்காரர். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினார். வேலை முடிந்து வந்து எங்கள் மென்பொருளின் பிழைகளைத் திருத்துவார். ஆனால் அனுப்ப மாட்டார், சேர்த்து வைப்பார். வளைகுடா போனவர்களின் வழக்கம் அது: வீட்டுக்கு வாங்கும் சாமான்களைக் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டே வந்து, லீவில் மொத்தமாகக் கட்டி எடுத்து வருவது. அப்படியே வருஷம் முழுக்கச் செய்த திருத்தங்களை ஒரே சிடியில் கொண்டுவந்து நீட்டினார்.

அதற்குள் நாங்களும் ஏகப்பட்டதை மாற்றியிருந்தோம். அவருடையதை அப்படியே போட்டால் எங்களுடையது அழியும். போடாவிட்டால் அவருடைய ஒரு வருஷம் குப்பைக்குப் போகும். எதை எங்கே மாற்றினார் என்பது அவருக்கே பாதி மறந்திருந்தது.

“அப்ப இதெல்லாம் வேஸ்ட்டா தம்பி?” என்றார். முகம் வாடிவிட்டது. இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று பயந்தேன்.

ஆனாலும் அன்று சாயங்காலம் அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு, முன்பே சொல்லியிருந்தார். போனால், கூடத்தில் பெட்டி பிரிக்கிற விசேஷம். டேப்பைக் கிழித்ததும் அத்தரும் சோப்பும் கலந்த வாசனை. அநேகமாக எல்லாப் பொட்டலத்தின் மேலும் பேர் எழுதியிருந்தது: ராத்தாவுக்கு, சின்னம்மாவுக்கு. ராத்தா என்றால் அவருடைய அக்கா. அவ்வளவு பெரிய பெட்டி கொஞ்ச நேரத்தில் காலியாகிவிட்டது.

“பாய், சிடியில உள்ளதையும் இப்படியே பிரிச்சிடலாங்க. ஒவ்வொரு திருத்தமும் தனிப் பொட்டலம். எதுக்குன்னு மேல எழுதிடுங்க. எங்களோடது அழியாம ஒண்ணொண்ணா சேர்த்துக்கலாம்.”

அவர் மனைவி சிரித்தார். “நல்லாச் சொல்லிக் குடுங்க. எனக்கு வாங்குனதுல மட்டும் பேரே எழுதல.”

பாயின் லீவில் பாதி எங்கள் பின்னறையிலேயே கழிந்தது. அவருடைய ராத்தாவுக்கு அதில் ஏகக் கோபம். ஆனால் அவருடைய திருத்தங்கள் அநேகமாக எல்லாமே உள்ளே போய்ச் சேர்ந்தன. பிறகு இணையத்திலும் மாற்றி எழுதினோம்: சேர்த்து வைக்காதீர்கள், ஒன்று முடிந்ததும் அதை மட்டும் அனுப்புங்கள், எதற்கு என்று மேலே எழுதுங்கள். தோஹாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் அனுப்பத் தொடங்கினார்கள். நாங்கள் மூன்று பேர் என்பது போய் ஒரு கூட்டமாகிவிட்டோம்.

அந்தப் பின்னறை இப்போது செல்போன் கடை. எல்லாம் இங்கேயே கிடைப்பதால் பெட்டி கட்டி வருபவர்களும் குறைந்துவிட்டார்கள். பாய் ஊரோடு வந்துவிட்டார். போன வாரம் ஒரு சின்னத் திருத்தம் அனுப்பியிருந்தார். மேலே எழுதியிருந்தது: “கண்ணு மங்கினவங்களுக்கு எழுத்து பெருசாத் தெரிய. முதல்ல எனக்கு.”

அன்றைக்கே சேர்த்துவிட்டேன். திருத்தங்கள் வருஷம் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் காத்திருந்த காலம் போயே போய்விட்டது.