நாற்பத்தேழாம் நாற்காலி

ஆயிரத்து எண்ணூற்று அறுபது யூரோ. கெபார்ட், ராதிமுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அதுதான்.

இதைக் கதை என்று நினைக்கிறவர்கள் இங்கேயே மூடி வைத்துவிடலாம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. முப்பத்தொரு வருஷம் டைரோல் மலையில் பனி வாரினவன் நான். எழுத்துப் படித்ததே நாற்பத்தொன்பதாவது வயதில். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த லிஃப்ட் இன்னும் ஓடுகிறது. நீங்களே கூட அதில் ஏறியிருக்கலாம்.

பழைய நாற்காலி லிஃப்ட். ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். கீழே ஏறினால் மேலே வந்து சேர சரியாகப் பதினாலு நிமிஷம். நடுவில் ஒரு பெரிய பள்ளம் வரும். அந்த இடத்தில் காலுக்கும் தரைக்கும் நடுவே பதினெட்டு மீட்டர் வெறும் காற்று. மேல் நிலையத்தில் நான். கீழே மேஸ்திரி கெபார்ட். முதலாளி வியன்னாவில். ஆக, எங்களுக்கு முதலாளியும் கெபார்ட்தான்.

ராதிம் செக் நாட்டுப் பையன். இருபத்தாறு வயது. சீசனுக்கு வந்த கூலி. ரொம்ப மரியாதைக்காரன். மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேலே வந்துவிட்டால் மந்திரியானாலும் மாடு மேய்ப்பவனானாலும் 'நீ'தான். அது எங்கள் பழக்கம். இவனுக்கு மட்டும் அது வாயில் வராது. எல்லாரையும் 'நீங்க' என்பான்.

"ஏன்டா, என்னைப் பாத்தா பாதிரியார் மாதிரியா இருக்கு?" என்பாள் டிக்கெட் கொடுக்கும் ஹெட்விக்.

"இல்லீங்க," என்பான். எல்லோரும் சிரிப்போம்.

சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் பிடித்து வைப்பார்கள். கடைசி நாளன்று உறையில் போட்டுக் கொடுப்பார்கள். நடுவில் ஓடிப்போகாமல் இருப்பதற்கு. விதியை மீறினால் அந்தக் காசு கிடையாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சிவப்புப் பலகை. மாலை நாலேகாலுக்குக் கடைசி ஆள் ஏறினதும், அடுத்த நாற்காலியில் ஒரு சிவப்புப் பலகையைத் தொங்கவிட வேண்டும். அது மேலே வந்தால், வழியில் ஆள் இல்லை என்று அர்த்தம். நான் போன் செய்து "பலகை வந்தாச்சு" என்ற பிறகுதான் கீழே லிஃப்டை நிறுத்துவார்கள்.

போன வருஷம், கார்னிவல் என்கிற வேஷத் திருவிழா வாரம், சனிக்கிழமை. வருஷத்திலேயே பெரிய கூட்டம். வரிசையில் நாற்பது நிமிஷம் நின்றுதான் ஏறினார்கள். என் மண்வெட்டி உடைந்துபோனது. 4.10க்கு போன் செய்து இன்னொன்று கேட்டேன்.

"காலையில பாக்கலாம்டா," என்றான் கெபார்ட்.

4.24க்கு அவனே கூப்பிட்டான்.

"பலகை வேண்டாம். ஆள் இல்லை. நிறுத்துறேன். ஊர்ல கூத்து ஆரம்பிச்சிருச்சு, நீயும் வந்து சேரு."

சக்கரம் நின்றது. நான் பின்பக்கத் தடத்தில் சறுக்கி இறங்கினேன். தூரத்தில் ஒரு சத்தம். டண்... டண்... டண்... எங்கேயோ இரும்பு காற்றில் அடித்துக்கொள்கிறது என்று நினைத்துப் போய்விட்டேன்.

அன்று ராத்திரி மைனஸ் இருபத்தொன்று.

காலை 7.40க்கு லிஃப்ட் ஓடத் தொடங்கியது. ஏழு நிமிஷம் கழித்து நாற்பத்தேழாம் நாற்காலி மேலே வந்தது. ராதிம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மடியெல்லாம் பனி. இடது கையில் கையுறை இல்லை. மடிமேல் குறுக்காக ஒரு மண்வெட்டி. அதன் அலகு நசுங்கிப் போயிருந்தது.

காலையில் பார்க்கலாம் என்ற கெபார்ட்தான், மனசு மாறி அதை அவனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறான். அனுப்பிவிட்டு மறந்திருக்கிறான்.

போலீஸ் வருவதற்குள் மண்வெட்டியைக் காணோம். ஒரு காகிதத்தை நீட்டினான் கெபார்ட்.

"என்ன எழுதியிருக்கு?"

"நடந்ததுதான். போடுடா கையெழுத்தை."

போட்டேன். எனக்குப் போடத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான். மண்வெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் ஹெட்விக்கிடம் உட்கார்ந்து எழுத்துப் படித்தேன். டிசம்பரில், ஆபீஸ் அலமாரியில் அந்தக் காகிதத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். அரை மணி நேரம் ஆனது. 'ராதிம் 4.05க்கு வேலை முடிந்து போய்விட்டான். பிறகு யாருக்கும் தெரியாமல் விதியை மீறி ஏறியிருக்கிறான். சிவப்புப் பலகை 4.29க்கு மேலே வந்தது. வஸ்தல் அதைக் கழற்றி வைத்தான்.' வஸ்தல் நான்தான். கீழே என் கையெழுத்து.

விதியை மீறியதால் அவன் பணம் ஊரில் இருந்த அவன் தங்கைக்குப் போகவில்லை.

கெபார்டிடம் போனேன். "அந்தப் பொண்ணுக்குப் பணத்தை அனுப்பிடு. இல்லன்னா நான் நடந்ததை எழுதிக் கொடுப்பேன்."

"நாலு எழுத்து படிச்ச உடனே வக்கீல் ஆயிட்டியா? எழுது. பொய்க் கையெழுத்து போட்டவன் யாருன்னு கேப்பாங்க. அதையும் எழுது."

எனக்குப் பயம். திரும்பி மேலே போனேன். எல்லாம் அதன் பிறகுதான் ஆரம்பித்தது.

முதலில் பனி. கீழே எல்லா நாற்காலியையும் துடைத்துத்தான் அனுப்புவார்கள். நாற்பத்தேழு மட்டும் மேலே வரும்போது பனியோடு வரும். வானத்தில் ஒரு மேகம் இல்லாத நாளிலும் வரும். அதுவும் ஒரு பக்கம் மட்டும். இடது பக்கம்.

பிப்ரவரிக் கூட்டத்தில் ஒரு டச்சுக்கார அம்மா நாற்பத்தேழில் தனியாக வந்து இறங்கினாள். இடம் இருந்தும் வலது ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து வந்தாள்.

"உங்க ஆளு பேசவே மாட்டேங்கிறாரே," என்றாள். "பாவம், ஒரு கைக்கு உறை கூட இல்லை."

"எந்த ஆளு?"

திரும்பிப் பார்த்தாள். சறுக்குக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலை முழுவதையும் நடந்தே இறங்கினாள்.

ஏப்ரல் வந்தது. காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும் பனி மத்தியானம் கஞ்சியாகிவிடும். ஜனங்கள் சட்டையோடு வெயிலில் படுத்துக் கிடப்பார்கள். பன்னிரண்டு டிகிரி. அப்படி ஒரு மத்தியானம் நாற்பத்தேழின் இரும்புக் கம்பியைப் பிடித்தேன். உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்தது.

கடைசி நாள். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை. அன்று எங்களுக்குத் திருவிழா. ஜனங்கள் வேஷம் போட்டு வருவார்கள். கீழே குட்டை வெட்டித் தண்ணீரில் சறுக்கி விழுவார்கள். சாசேஜும் பீரும் ஓசி. இன்னொரு வழக்கமும் உண்டு. கடைசி நாளில் பலகையை மேஸ்திரியே மடியில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் மேலே வருவான். மேல் ஆளோடு ஒரு மடக்கு ஷ்னாப்ஸ் குடிப்பான். உறையைக் கொடுப்பான். சீசன் முடிந்தது.

காலையில் கெபார்ட் என்னைக் கூப்பிட்டான். சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மூஞ்சிக்கு முன்னால் ஆட்டினான்.

"படிச்சவனாச்சே. படி பாக்கலாம்."

படித்தேன். ராதிம். 1860.

"உன் வாயை மூட உனக்குத் தரலாம்னுதான் எடுத்து வெச்சேன். நீ காசும் கேக்க மாட்ட, விஷயத்தை விடவும் மாட்ட. இன்னைக்குப் பீர் ராதிம் கணக்குல." ஒட்டின உறையைத் திரும்பப் பைக்குள் போட்டான். சிரித்தான்.

3.50க்கு மூடுபனி இறங்கியது. எனக்கு ரெண்டாவது தூணுக்கு அப்பால் தெரியவில்லை.

4.15. போன். கெபார்ட்.

"ஏறுறேன். ஹெட்விக் கீழ நிக்குறா. பாட்டிலைத் திறந்து வை."

4.18. நாற்காலிகள் காலியாக வந்தன. நாற்பது. நாற்பத்தொன்று.

கெபார்ட் எந்த நாற்காலியில் ஏறினான் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

கடைசி ஆள் வந்து இறங்கியது 4.14க்கு, முப்பத்திரண்டில். பலகை வரவேண்டியது 4.29க்கு. நிமிஷத்துக்கு ரெண்டு நாற்காலி. விரல் விட்டு எண்ணினேன். ஒருமுறை எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.

கணக்குப்படி அவன் ஏறியது நாற்பத்தேழு இல்லை. அது அவனுக்கு வெகு முன்னால், 4.22க்குள்ளேயே என்னைத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை. நாற்பத்தாறு வந்தது. அடுத்து நாற்பத்தெட்டு வந்தது...

நடுவில் ஒன்று குறைந்தது.

4.22. போன் அடித்தது.

"கெபார்ட்?"

காற்றின் சத்தம். பிறகு ஒரு குரல். மெதுவாக.

"பலகை வேண்டாம். ஆள் இல்லை. நிறுத்துறேன்."

ராதிமின் குரல்.

சக்கரம் நின்றது.

கீழே கூப்பிட்டேன். மணி அடிக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். காற்றுதான் கேட்டது. மேலிருந்து லிஃப்டை நிறுத்த முடியும். ஓட்ட முடியாது.

4.26.

டண்...

டண்...

பள்ளத்துப் பக்கமிருந்து.

போன வருஷம் கேட்ட அதே சத்தம்.

"வஸ்தல்! ஓட விடுடா! வஸ்தல்!" கெபார்ட் கத்தினான். "இவனை எறக்குடா! தர்றேன்! தர்றேன்னு சொல்றேன்ல!"

4.31க்குக் கட்டையை மாட்டிக்கொண்டு லிஃப்ட் தடத்திலேயே கீழே கிளம்பினேன். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். என்னால் பத்தே நிமிஷத்தில் கீழே போயிருக்க முடியும். நான் வேகமாகப் போகவில்லை.

4.45. பள்ளம். தலைக்கு மேலே நாற்பத்தேழு.

மூடுபனி கொஞ்சம் விலகியது.

நாலு கால்கள்.

இரண்டு உதறின.

இரண்டு அசையவே இல்லை.

கெபார்டின் சத்தம் நின்றிருந்தது. இடது பக்கம் இருந்தவன் குனிந்து என்னைப் பார்த்தான். உறையில்லாத கை கம்பியைப் பிடித்திருந்தது.

முகம் தெரியவில்லை. பனி.

"எழுதிக் கொடுக்கிறேன் ராதிம்," என்றேன். "மண்வெட்டியையும் சேர்த்து எழுதுறேன். என் கையெழுத்தையும்."

டண்.

ஒரே ஒரு தடவை.

பிறகு எதுவும் கேட்கவில்லை.

5.05க்குக் கீழே வந்தேன். கரடி வேஷம், கன்னியாஸ்திரி வேஷம், எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. ஹெட்விக் கையில் சாசேஜ்.

"ஓட்டு! கெபார்ட் மேல மாட்டிக்கிட்டான்!"

அவள் முகம் வெளுத்துப்போய் பட்டனை அழுத்தினாள். நாற்பத்தேழு மேலே போய்ச் சுற்றித் திரும்ப இருபத்தொரு நிமிஷம். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை.

5.26.

கெபார்ட் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தனியாக. மடியில் சிவப்புப் பலகை. அதன்மேல் ஒரு முழம் பனி. இமையெல்லாம் உறைந்திருந்தது.

கரடி வேஷக்காரன் தலையைக் கழற்றினான். அப்போதுதான் பாட்டு நின்றது.

அன்று அந்த மலையில் எங்கேயும் ஆறு டிகிரிக்குக் கீழே போகவில்லை. டாக்டர் இரண்டு தடவை வந்து பார்த்தார். மைனஸ் இருபதில் ஒரு ராத்திரி முழுக்க இருந்த உடம்பு என்றார். காகிதத்தில் மாரடைப்பு என்று எழுதினார்.

"ஏன் நிறுத்தின?" என்று ஹெட்விக்கைக் கேட்டேன்.

"நீதானே போன் பண்ண! பலகை வந்தாச்சு, நிறுத்துங்கன்னு சொன்ன."

"நிறுத்துங்கன்னா?"

"ஆமா. என்னை நீங்கன்னு கூப்பிட்ட. இன்னைக்கு ஏறிடுச்சு போல இவனுக்குன்னு நெனச்சேன்..." பாதியில் நிறுத்தினாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கெபார்டின் பையில் எல்லார் உறைகளும் இருந்தன. எல்லாவற்றிலும் பணம் சரியாக இருந்தது. ராதிம் உறையும் இருந்தது. ஒட்டினது ஒட்டினபடி. போலீஸ்காரர் என் கண் முன்னால்தான் கிழித்தார்.

காலி.

அன்று ராத்திரியே எழுதினேன். நாலு மணி நேரம் ஆனது. எவ்வளவோ பிழை. கொண்டுபோய்க் கொடுத்தேன். நீதிபதி எனக்கு ஆறு மாதம் சிறை போட்டு, அதை நிறுத்தி வைத்தார். லிஃப்ட் வேலை போனது. ராதிம்மேல் தப்பில்லை என்று எழுதினார்கள். எனக்கு அது போதும்.

ராதிமின் தங்கைக்கு என் கையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பலாம் என்று நினைத்து ஒரு கடிதம் போட்டேன். மே மாதம் பதில் வந்தது. அவள் ஊர் எங்கள் மலையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர்.

அவள் எழுதியிருந்தது இதுதான்:

'பணம் அனுப்ப வேண்டாம். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமையே வந்துவிட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். இரும்பால் தட்டுகிற மாதிரி சத்தம். டிவியில் சீரியல் முடிகிற நேரம், அதனால் மணி நினைவிருக்கிறது. 4.45. திறந்தால் யாரும் இல்லை. வாசலில் அண்ணனின் இடது கையுறை. அதற்குள்ளே நோட்டுகள். கல் மாதிரி உறைந்திருந்தன. அடுப்புப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

எண்ணிப் பார்த்தேன். ஆயிரத்து எண்ணூற்று அறுபது. சரியாக இருந்தது.'