மிச்சம் வீட்டின் பின்கதவு

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாரிசிலிருந்து லண்டனுக்குப் போய்வந்த பயணம் இது. அம்மா இருக்கும்வரை இதை எழுத மனம் வரவில்லை. போன மாசியில் அவர் கண்ணை மூடிவிட்டார். இனி எழுதலாம்.

என் அண்ணை சிவம் லண்டனில், மிச்சம் என்ற புறநகரில், ஒரு வாடகை வீட்டில் இருந்தவர். எண்பதுகளின் கடைசியில் ஒரு காலை, வீட்டுக்குப் பக்கத்துப் பெரிய ரோட்டைக் கடக்கையில் ஒரு வான் வண்டி அடித்து இறந்துபோனார். எனக்கு அப்போது விசா இல்லை. செத்த வீட்டுக்குக்கூடப் போக முடியவில்லை. பிறகு அம்மா பாரிசுக்கு என்னிடம் வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து ஒரே கேள்விதான்: "இரவு ஷிப்ட் முடிச்சு வந்த பிள்ளை, படுக்காமல் ஏன் றோட்டுக்குப் போனவன்?" எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்ததும், "ஆரையாவது கேட்டுக்கொண்டு வா" என்று அம்மாவே அனுப்பிவைத்தார்.

காலை எட்டு மணிக்குப் பாரிசில் பஸ் ஏறினால், கலே துறைமுகத்தில் கப்பலுக்கு மாறி, மாலையில் லண்டன் விக்டோரியா. கப்பலில் சாப்பாடு யானை விலை, குதிரை விலை. நான் புட்டுக் கட்டிக்கொண்டு போனேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். விக்டோரியாவில் டிஸ்ட்ரிக்ட் லைன் எடுக்கும்போது விம்பிள்டன் என்று பலகை போட்ட ரயிலாகப் பார்த்து ஏறவேண்டும். நான் பார்க்காமல் ஏறி, ஏர்ல்ஸ் கோர்ட்டில் இறங்கிப் பெட்டியோடு திண்டாடினேன். விம்பிள்டனிலிருந்து மிச்சத்துக்கு அப்போது ட்ராம் கிடையாது. பஸ்ஸில் அரை மணித்தியாலம்.

அண்ணையோடு ஒரே அறையில் இருந்த குலம் அண்ணை பஸ் தரிப்பில் காத்து நின்றார். நேரே வீட்டுக்குக் கூட்டிப்போனார். புது யன்னல்கள், கனமான கதவுகள், கூரையில் புகை மணி, மாடியிலிருந்து பின்பக்கம் இறங்க இரும்புப் படி. இந்த வீட்டிலா அண்ணை குளிரில் கிடந்தார் என்று எனக்கு நம்ப முடியவில்லை.

"அப்ப இப்பிடி இல்லை தங்கச்சி. சுவரெல்லாம் பூஞ்சணம், ஒரு அறையிலை நாலு பேர். கவுன்சில்தான், இங்கத்தை நகரசபை, வீட்டுக்காரனை விடாமல் பிடிச்சு எல்லாம் செய்விச்சது" என்றார்.

பிறகு என்னைப் பின்கதவடிக்குக் கூட்டிப்போனார்.

"சிவம் செத்த அண்டைக்குக் காலமை வந்தவரும் கவுன்சில் ஆள்தான். எத்தினை பேர் இருக்கிறியள் எண்டு வாசலிலை கேட்டவர். அது சிவத்தின்ரை காதிலை விழுந்திட்டுது. 'ஆள் எண்ண வந்திட்டாங்கள்' எண்டு எழும்பி, செருப்போடை பின்கதவாலை போயிட்டான். நான் கூப்பிடக் கூப்பிட நிக்கேல்லை."

"அந்த ஆள் பிடிச்சுக்கொண்டு போக வந்தவரே?"

"சீ, இல்லை. ஹீட்டர் வேலை செய்யுதோ, நெருப்புப் பிடிச்சால் ஓட வழி இருக்கோ எண்டு பாக்க வந்தவர்."

நான் அந்த இரும்புப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊரில் ஆமி சுற்றிவளைத்து ஆள் எண்ண வரும் விடியல்களில், அண்ணையை உலுக்கி எழுப்பி, "பின்னாலை ஓடு ராசா" என்று விடுவது அம்மாதான். அப்படி ஓடித்தான் மூன்று தரம் உயிர் தப்பியவர்.

திரும்பும்போது அந்த ரோட்டுக்குப் போனோம். அண்ணை போன அடுத்த வருடம் ஆட்கள் கடக்கக் கவுன்சில் போட்ட வெள்ளைக் கோடு, இரண்டு பக்கமும் மினுங்கும் மஞ்சள் விளக்கு, கார் வேகத்தைக் குறைக்க ஒரு மேடு. நான் ஓரத்தில் நின்றதுமே ஒரு கார் நின்றது. போங்கள் என்று அதிலிருந்த பெண் கையைக் காட்டினாள். எனக்கு அழுகைதான் வந்தது. குலம் அண்ணை கையைப் பிடித்து மற்றப் பக்கம் கூட்டிப்போனார்.

பாரிசில் கதவைத் திறந்ததும் அம்மா, "கேட்டனியே?" என்றார்.

"ஓமம்மா. பால் வாங்கப் போனவராம்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம். பால் தேத்தண்ணி குடிக்காமல் அவன் படுக்கமாட்டான்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவேயில்லை.

லண்டனில் வாடகைக்கு இருக்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வீடு ஈரமென்றால், ஹீட்டர் பழுதென்றால் கவுன்சிலுக்குச் சொல்லுங்கள். ரோட்டை வெள்ளைக் கோட்டில் மட்டும் கடவுங்கள். கவுன்சில் ஆட்கள் வந்து எத்தனை பேர் என்று கேட்டால், பயப்படாமல் முன்கதவைத் திறந்து உங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.