வெளுத்த கால் கோழி

எங்கள் தெருவில் எனக்கு ஜட்ஜம்மா என்று பேர். யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுவேன். இந்தப் பாழும் வாயை அன்றைக்கு ஒருநாள் மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

என் அண்ணி ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைப்பவள். இருட்டோடு போனால் மத்தியானம்தான் வீடு. கொல்லையில் ஆறு கோழிகள் வேறு. அண்ணனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு அரைவேக்காட்டு முட்டை ஒன்றுதான் இறங்கியது. வேறு எதைக் கொடுத்தாலும் புரையேறும். "எடை குறையாம பாத்துக்குங்க, பனி முடியறதுக்குள்ள தேறிடுவார்" என்றார் டாக்டர்.

பகல் சுருங்கினால் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். அண்ணி கூண்டுக்குள் பல்பு மாட்டிப் பார்த்தாள். அப்படியும் நாளுக்கு ஐந்தாறு கிடைத்தது மூன்றாகி, கடைசியில் ஒன்றானது. பனி கொட்டிப் பாதை மூடி லாரி வராததால் கடையிலும் முட்டை இல்லை. அந்த ஒன்றை எந்தக் கோழி இடுகிறது என்றும் தெரியாது. எல்லாம் ஒரே பெட்டியில்தான் போய் உட்காரும்.

தீவனமும் தீர்ந்துகொண்டிருந்தது.

"எதுக்கு அண்ணி ஆறுக்கும் கொட்டறீங்க? முட்டையிடாததுல ஒண்ண அடிச்சுட்டா மிச்சத்துக்குத் தாங்கும். நமக்கும் ஒரு வேளை கறியாச்சு" என்றேன்.

"எது இடறதுன்னு அடிவயித்து எலும்புக்கு நடுவுல விரல் வச்சுத்தான் பாக்கணும், இடைவெளி அகலமா இருந்தா அது இடறது. எனக்கு விரலெல்லாம் மரத்துக் கிடக்கு. நீ பாரேன்."

அந்தக் குளிரில் கோழியின் அடியில் கை விடுவதா? நின்ற இடத்திலிருந்தே இரண்டு கோழிகளைக் கைகாட்டினேன்.

"இதுல பாக்க என்ன இருக்கு? மகாராணியப் பாருங்க, காலு மஞ்சளா, இறகு பளபளன்னு. இந்த சீக்காளியப் பாருங்க. காலெல்லாம் வெளுத்து, கழுத்துல இறகு கொட்டி... இதுதான் தண்டத்துக்குத் தின்னுது."

"நல்லாத் தெரியுமா?"

"நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அண்ணி சீக்காளியை அறுத்தாள். உள்ளே ஓடு கட்டிய முட்டை ஒன்று, மறுநாள் பெட்டிக்கு வரவேண்டியது. அதன் பின்னால் பெரிதும் சிறிதுமாக மஞ்சள் கருக்கள். அண்ணி எல்லாவற்றையும் எடுத்துப் பத்திரப்படுத்தினாள். அண்ணனுக்கு அது நான்கு நாளைக்கு வந்தது. கறியை நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன், வெட்கங்கெட்டவள்.

"இட்டு இட்டுத்தான்மா காலு வெளுக்கும். மினுக்கிக்கிட்டுத் திரியறதுதான் சும்மா இருக்கும்" என்றார் தீவனக்கடைக்காரர். தெரிந்து இனி என்ன பிரயோஜனம்?

ஐந்தாம் நாள் அதுவும் தீர்ந்தது, பெட்டியும் காலி. அண்ணனுக்குக் கன்னம் ஒட்டியது, பிறகு பேச்சு நின்றது. மாதம் முடிவதற்குள் போய்விட்டான்.

பனி விட்டதும் மகாராணி இட ஆரம்பித்தது. முதல் முட்டையை அண்ணி என் வீட்டுக்கே கொண்டுவந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெடித்துப்போன கையால் என் கையைப் பிடித்து அதில் வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது.

"அங்க சாப்பிட ஆளில்ல. நீ சாப்பிடு" என்றாள்.