முழங்கால் மட்டும் கரை

குச்சவெளிக் கருவாடு விற்று மாடிவீடு கட்டினவள் நான். படித்தது மூன்றாம் வகுப்பு. ஆள் கட்டை, அகலத்துக்குக் குறைவில்லை. மகனின் கலியாண மேடையில் பெண்ணின் தாய்க்குப் பக்கத்தில் நிற்கவேணும். அவ பெரிய ஆக்கள் இருக்கிற ஓர்ஸ் ஹில்காரி, நெட்டை, கந்தோர் உத்தியோகம். அவவுக்குப் பக்கத்தில் நான் எடுபடவேணும் என்று கடையிலேயே ஆக அகலமான சரிகைக் கரைச் சாறியை வாங்கினேன்.

சாறிச் சட்டை தைக்கும் பரீதாவிடம் உடுத்துக் காட்டினேன். வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“அக்கா, சாறி நடந்து வருது. உங்களைக் காணேல்லை.”

“விலை தெரியுமோடி உனக்கு?”

“கரையே முழங்கால் மட்டும் வந்திட்டுது. மிச்ச அக்கா எவ்வளவு? பெருவிரல் அகலக் கரை எடுங்கோ. சட்டையும் தொளதொளவெண்டு இருக்க ஏலாது. தோளில பிடிச்சுத் தைச்சுத் தாறன்.”

மெல்லிய கரை வசதியில்லாதவர்களுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கோபத்தோடு வீட்டுக்கு வந்து நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். ஓம், பாதி நான் கரைக்குள் போயிருந்தேன்.

கலியாணத்தன்று கரும்பச்சைச் சாறி, மெல்லிய கரை, தோளில் அச்சாக இருந்த சட்டை. நிமிர்ந்துதான் மேடை ஏறினேன். சம்பந்தியம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காதுக்குள் கேட்டா.

“உங்களுக்கு ஆர் தைக்கிறது?”

“அது சொல்லமாட்டன்,” என்றேன்.

அந்தப் படம் இப்போது விறாந்தையில் தொங்குகிறது. வருகிறவர்கள் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். சாறி என்ன விலை என்று ஒருவரும் கேட்பதில்லை. அது எனக்குக் குறையாகவும் தெரியவில்லை.